வடசென்னையின் பழைய கட்டடங்கள்: கூட நடக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜார்ஜ் டவுன், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் சின்னக் குழுவாக நடந்து, பழைய கட்டடங்களைப் பார்த்து வருகிறோம். வருகிறவர்கள் வழியில் நின்று கேட்பவையும், வீட்டுக்குப் போனபின் போனில் கேட்பவையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வடசென்னையில் மரபுக் கட்டடமா? அதெல்லாம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம்தானே?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டை கட்டியதும் அதன் வடக்கே ஒரு நகரம் எழுந்தது. நெசவாளர், சாயம் போடுகிறவர், துணி வெளுக்கிறவர், படகோட்டி, வணிகர், மொழிபெயர்த்து இடைநின்ற துபாஷ் என்று ஏற்றுமதித் துணியை நம்பிப் பிழைத்தவர்கள் குடியேறிய இடம் அது. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே அப்படி வந்தது. கருப்பர் நகரம் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த பகுதிக்கு, ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய 1911-ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது.

அதற்கும் பல நூற்றாண்டு முன்பே திருவொற்றியூர் இருந்தது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். அங்கே தியாகராஜர் கோயிலில், படுத்த யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட விமானம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்திருப்பணி. சென்னைக்கு வயது சொல்லும்போது 1639-லிருந்து எண்ணுகிறோம். அது கோட்டைக்கான நிலம் எழுதிக் கொடுக்கப்பட்ட ஆண்டு, அவ்வளவுதான்.

‘இங்கே என்ன இருக்கு’ என்று நாமே சொல்லிச் சொல்லிப் போனவை ஏராளம். ராஜாஜி சாலையில் இருந்த பெண்டிங்க் கட்டடம் 1990-களில் போனது. அந்த இடத்தில்தான் இன்று ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது. இல்லாததைப் பற்றி யாரும் கோபப்படுவதில்லை. இருக்கும்போது பார்த்திருந்தால்தானே கோபம் வரும்? அதற்காகவே நடக்கிறோம்.

ராயபுரம் ஸ்டேஷனுக்கு என்ன அப்படி ஒரு பெருமை?

தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. 1856-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு தொடங்கி வைத்தார். வண்டி ஓடியது ஆற்காட்டுப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு நிலையம் வரை. அதற்கு முன்பு பம்பாயிலும் ஹவுராவிலும் ரயில் ஓடியிருந்தாலும், அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. அந்த வகையில் நம் துணைக்கண்டத்தில் எஞ்சி நிற்பவற்றில் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரத்தில் இருப்பதுதான். சென்ட்ரல் வந்தது 1873-ல்.

முகப்பின் தூண் வரிசைக்கு எதிரே நின்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் ரயில் ஏறுவது ஒரு விழா மாதிரி. வாசலையும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். 2005-ல் புதுப்பித்தார்கள். இன்றும் மின்சார ரயில் நிற்கிறது, ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். பூட்டிக் காட்சிப்பொருளாக வைப்பதைவிட இப்படிப் புழக்கத்தில் இருப்பதே ஒரு கட்டடத்துக்கு நல்லது என்பது என் அழுத்தமான எண்ணம். ஆள் நடமாட்டம் இருந்தால் ஒழுகும் இடம் அன்றைக்கே கண்ணில் படும்.

கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் இருந்ததாமே, அது எங்கே?

பழைய ஜெயில் ரோட்டை ஒட்டி மாடிப்பூங்கா என்று ஒன்று இருக்கிறது. பூங்காவாகத் தெரியும் அந்த மேடுதான் மதில்! 1758-59-ல் பிரெஞ்சுப் படை லாலியின் தலைமையில் வந்து முற்றுகையிட்டுப் போனபின் எழுப்பிய சுவரில் மிச்சம் அது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

கல் போனாலும் சொல் நிற்கிறது. மதில் கட்டும் செலவுக்கு வரி போட நினைத்ததால் ‘வால் டாக்ஸ்’ சாலை. மதிலின் கொத்தளம் இருந்ததால் மூலக்கொத்தளம். தெருப் பெயரை மாற்ற வேண்டும் என்று யாராவது எழுந்தால் நான் பதறுவது இதனால்தான். ஆர்மேனியன் தெருவை மக்கள் அரண்மனைக்காரத் தெரு என்று ஆக்கிக்கொண்டார்கள். ஆர்மேனியர் என்ற சொல் நம் வாயில் அப்படி உருண்டது. அதையும் நான் மரபு என்றே எண்ணுகிறேன்.

கோயில், சர்ச், தர்கா எல்லாம் அந்தந்த நிர்வாகம் பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்கிறது. சில சமயம் அன்பு மிகுதியால் கெடுத்தும் விடுகிறது. பழைய கல்தூணில் பெயின்ட் அடிப்பது, கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டுவது, மணல் பீய்ச்சிக் கல்லைச் சுரண்டுவது, இவை எல்லாமே நல்லெண்ணத்தில் செய்பவை. அறநிலையத் துறைக் கோயில் என்றால் திருப்பணிக்கு முன் தொல்லியல் வல்லுநர் கருத்து வாங்க வேண்டும். உபயதாரராக நீங்கள் பணம் தருகிறீர்கள் என்றால், ‘கல்வெட்டு இருக்கிற சுவரில் எதுவும் ஒட்ட வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பணம் தருகிறவர் சொன்னால் கேட்பார்கள்.

தொழிலாளர்கள் இருந்த இடத்துக்கெல்லாம் யார் மதிப்புக் கொடுக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. எனக்கு இதில்தான் மனம் அதிகம் தங்குகிறது.

பெரம்பூர், பட்டாளம் பக்கம் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. பேச்சில் ‘பி அண்ட் சி மில்’, அல்லது வெறும் ‘பின்னி மில்’. அந்த மில் ஆட்களை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது என்பார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னே நின்றார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். தொழிலாளர்களுக்கு அவர் பேசிய தமிழ், மேடைத் தமிழுக்கே ஒரு புது நடையைக் கொடுத்தது. 1921-ல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் கலவரமாகவும் துப்பாக்கிச் சூடாகவும் போய், ஊரையே இரண்டாகப் பிளந்தது. அந்தக் காயத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த மில் 1990-களில் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள். சங்கு ஊதினால் அடுப்பை மூட்டுவோம் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். சங்கு ஊதிய கட்டடம் இல்லை. புகைபோக்கி ஒன்றை, வாசல் வளைவு ஒன்றை விட்டு வைத்துக்கூட அடுக்குமாடி கட்டியிருக்கலாம். ஆலைக் கட்டடத்தை யாரும் அப்போது மரபு என்று கணக்கில் எடுக்கவில்லை.

இன்னும் இழக்காதவை உண்டு. ராபின்சன் பூங்காவில், 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் அண்ணா திமுகவைத் தொடங்கி வைத்துப் பேசினார். மூலக்கொத்தளத்தில் 1939-ல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று உயிர் விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் பெரியவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1780-களில் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. கட்டில், மருந்து எல்லாவற்றுக்கும் முன்பு அங்கே கஞ்சி இருந்தது.

ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு யாருடையது? சட்டம் என்ன சொல்கிறது?

ஒரே அலுவலகம் இல்லை, குழப்பமே அதனால்தான்.

கோட்டை, பழைய மதில் போன்றவை 1958-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அப்படி அறிவித்த சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு.

இந்த இரண்டிலும் சேராத வீடு, பள்ளிக்கூடம், மண்டபம், கடைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றுக்கு வழி பிறந்தது 2010-ல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பால். அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று தொடுத்த வழக்கில், நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பட்டியலில் உள்ள கட்டடங்களைக் காக்கவும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் மரபுக் கட்டடங்களுக்கென ஒரு குழு அமைக்கவும் நீதிமன்றம் சொன்னது. பட்டியலில் உள்ளதை இடிக்கவோ, தோற்றத்தை மாற்றவோ அந்தக் குழுவைக் கேட்டாக வேண்டும். பிறகு 2012-ல் மாநில மரபு ஆணையத்துக்கு என்றே சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. நடுவில் போன பன்னிரண்டு ஆண்டில் எத்தனை உத்திரம் சரிந்திருக்கும்!

குழுமத்தின் அலுவலகம் எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது. மூலக்கொத்தளத்தில் உறங்கும் அதே இருவர். மனுக் கொடுக்கப் போகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

என் வீட்டைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஆணி அடிக்கக்கூட முடியாதா? விற்கவும் முடியாதா?

விற்கலாம், வாடகைக்கு விடலாம், குடியிருக்கலாம். அன்றாட மராமத்துக்குப் பயப்பட வேண்டாம். இடிப்பதற்கும் அடையாளம் மாறும்படி கட்டுவதற்கும்தான் அனுமதி தேவை.

ஆனால் சொந்தக்காரர் தலையில் முழுச் சுமையையும் வைத்துவிட்டு ஊர் பெருமைப்படுவது சரியில்லை என்றே நினைக்கிறேன். ஒன்பது வாரிசு, பாகம் பிரியாத பத்திரம், பழைய வாடகை, ஒழுகும் மாடி என்று தத்தளிக்கிற குடும்பத்திடம் போய் ‘இடிக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை. வரிச் சலுகையும் மராமத்துக்குக் கைகொடுக்கும் பணமும் வேண்டும் என்று நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோம், இனியும் கேட்போம்.

பழைய வீட்டுச் சுவர் பொரிந்து கொட்டுகிறது. சிமென்ட் பூசலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பாட்டி வீட்டு ரேழியில் இடுப்பு உயரத்துக்கு ஓதம், அதாவது தரை ஈரம், ஏறியது. மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்து, ‘காரையைக் கொத்திட்டு சிமென்ட்ல இழுத்துட்டா கல்லு மாதிரி நிக்கும்’ என்றார். நின்றது, மூன்று மழைக்காலம். நாலாவது வருஷம் சிமென்ட் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த செங்கலை விரலால் தொட்டேன். மஞ்சள்பொடி மாதிரி கையோடு வந்தது. ஓதம் இப்போது இடுப்பளவில் இல்லை, தலைக்கு மேல் போயிருந்தது. அந்தச் சுவரைக் கடைசியில் இறக்கித்தான் கட்ட வேண்டி வந்தது.

நடந்தது இதுதான். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் போக்கிடம் இல்லாமல் மேலே ஏறுகிறது. நம்முடையது கடற்கரை ஊர். அந்த ஈரத்தில் உப்பு இருக்கிறது. உப்பு செங்கலுக்குள்ளேயே பூத்து, செங்கலை உடைக்கிறது.

அந்தக் காலத்துக் காரைக்குக் கடல், கழிமுகக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அதை நீற்றி, சலித்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பதப்படுத்துவார்கள். மேல்பூச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவதற்கு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்றே உலகத்தில் பெயர் இருந்தது. மாடித் தளம் இன்னொரு கலை. தேக்கு உத்திரத்தின் மேல் சட்டம், அதன் மேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது இதைத்தான். கீழே படுத்து அண்ணாந்து பார்த்தால் கோலப்பாய் விரித்த மாதிரி இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் வீடுகளில் உடைந்த மழைநீர்க் குழாய்தான் குற்றவாளி. அதைச் சரிசெய்து சுவரைக் காயவிட்டு, கெட்ட இடத்தை மட்டும் கொத்தி, சுண்ணாம்புக் கலவையிலேயே பூசச் சொல்லுங்கள். மேலே எமல்ஷன் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் குறைந்துவிட்டார்கள், கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரித்தால் கிடைப்பார்கள். கூலி கூடுதல்தான். ஆனால் இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. பிடுங்கலாமா?

இரண்டு இலை விட்டிருக்கும்போதே, மழை பெய்து சுவர் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். விரல் தடிமன் ஆகிவிட்டால் இழுக்காதீர்கள். வேரோடு செங்கலும் வரும். தண்டை வெட்டி, வேரை உள்ளேயே சாகடித்து, பிறகு அந்த இடைவெளியைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். மேலே வெட்டி மட்டும் விட்டால் இரட்டிப்பாகத் தளிர்க்கும்.

பக்கத்துத் தெருவில் பழைய கட்டடத்தை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

முதலில் படம் எடுங்கள்: முகப்பு, வாசல், கதவு எண், தெருப் பலகை, தேதி தெரியும்படி. அன்றைக்கே வளர்ச்சிக் குழுமத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டியலில் இருக்கிறதா, இடிக்க அனுமதி உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு மனுப் போடலாம். ஆனால் பதில் வர 30 நாள் ஆகும், கடப்பாறைக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. அதனால் மனுவை நம்பி உட்காராமல் வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள்.

பாதியில் நின்ற இடிப்புக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. அரண்மனைக்காரத் தெரு கோகலே மண்டபம், அன்னி பெசன்ட் காலத்தில் 1915-ல் எழுந்தது. தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் பேச்சுகள் முழங்கிய இடம். இடிக்கத் தொடங்கியபின் வழக்குப் போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. ஒரு மாதம் முன்னால் யாராவது கவனித்திருந்தால் முழுசாக மிஞ்சியிருக்கும் என்ற எண்ணம் அந்த வழியே போகும்போதெல்லாம் வருகிறது.

ஒன்று மட்டும்: வேலை செய்யும் ஆட்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் கூலிக்கு வந்தவர்கள்.

குடியிருக்க வீடில்லாமல் மக்கள் தவிக்கும்போது பழைய கட்டடம் முக்கியமா?

வீடு முக்கியம். இடிந்து விழும் நிலையில் இருக்கும் குடியிருப்பில் ஆட்களை வைத்துக்கொண்டு அழகு பார்க்கச் சொல்லவே மாட்டேன். ஆனால் வடசென்னையில் பழையவை போன இடத்தில் எளியவர்களுக்கா வீடு வந்தது? பெரும்பாலும் குடோனும் வணிக வளாகமும் விலை உயர்ந்த பிளாட்டும்தான். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும்போது கொஞ்சம் இதையும் கேட்டுப் பார்ப்போம்.

மெட்ராஸ் டே அன்று மட்டும்தான் நடக்கிறீர்களா? நானே ஒருநாள் நடந்து பார்க்க வழி சொல்லுங்களேன்.

ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி 2004 முதல் ஊரெங்கும் கொண்டாட்டம் நடக்கிறது, நல்ல வழக்கம். நாங்கள் மழையில்லாத எல்லா மாதமும் நடக்கிறோம்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பாரிமுனைக்கு வந்துவிடுங்கள். கடை மூடியிருக்கும், தள்ளுவண்டி இருக்காது. அந்த ஒருநாள்தான் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். பெயர்ப்பலகைக்கு மேலே பாருங்கள், அழகெல்லாம் முதல் மாடிக்கு மேல்தான் மிஞ்சியிருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் 1914 செப்டம்பர் 22 அன்று குண்டு வீசியதைச் சொல்லும் கல் உண்டு. டேர் ஹவுஸ் அருகே ஒரு கல்தூண்: கோட்டைக்கு முன்னே கட்டடம் எழுப்பக் கூடாத வெளிக்கு எல்லை காட்ட 1773-ல் நட்டவற்றில் மிச்சம் அது. அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் எழுப்பிய ஆர்மேனியர் தேவாலயம். மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாளை வணங்கிவிட்டு, 1850-ல் கிரேக்கக் கோயில் சாயலில் கட்டிய பச்சையப்பன் மண்டபம். பிறகு கந்தகோட்டம் முருகன் கோயில். வள்ளலார் தெய்வமணிமாலை பாடிய சந்நிதி. அவர் வளர்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில்.

கால் தாங்கினால் ஆட்டோ பிடித்து ராயபுரம் வரை போகலாம். படகோட்டிகள் சேர்ந்து கட்டிய இராயப்பர் கோயில், அதாவது புனித பேதுரு ஆலயம் அங்கே இருக்கிறது. ராயபுரத்துக்குப் பெயர் வந்தது அந்த இராயப்பரால்தான். பக்கத்திலேயே 1910-ல் கட்டிய பார்சிகளின் நெருப்புக் கோயில், சென்னையில் அது ஒன்றுதான். மற்ற மதத்தவர் உள்ளே போக முடியாது, வாசலோடு நின்று பார்த்து வாருங்கள்.

எங்கள் வீடே இடிந்துபோய்விட்டது. பழைய போட்டோ, மில் அடையாள அட்டை எல்லாம் பெட்டியில் கிடக்கிறது. அதெல்லாம் உதவுமா?

கட்டாயம். பின்னி மில்லின் உள்ளே எப்படி இருந்தது என்று காட்ட இன்று உங்களைப் போன்றவர்கள் வீட்டுப் பெட்டிதான் இருக்கிறது. லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. வெயில் படாத, ஓதம் ஏறாத இடத்தில், பரணில் அல்லாமல் அலமாரியில் வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

அப்புறம், போட்டோவை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் இன்று சாயங்காலமே உட்காருங்கள். யார் யார், எந்தத் தெரு, எந்தத் திண்ணை என்று அவர் சொல்லச் சொல்ல, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.